வயசுத் தண்ணி

என் தொண்டை ஆறிவிட்டது. குரல் மட்டும் கொஞ்சம் கரகரக்கிறது. அதை விட்டால் எனக்கு ஒரு குறையும் இல்லை. இதை எழுதும்போதே கூசுகிறது. ஏனென்றால் தப்புச் செய்தவன் நான். என்னை அந்தக் கொட்டகையிலிருந்து இழுத்து வெளியே போட்டவள் என் மனைவி செல்வி. இப்போது இடது கண்ணை மூடிக்கொண்டு உள்ளறையில் படுத்திருப்பவளும் அவள்தான்.

நான் தச்சன். காரைக்குடியிலிருந்து கல்லல் போகிற சாலையோரம் பட்டறை, அதற்குப் பின்னாலேயே வீடு. இடிபடும் பழைய வீடுகளிலிருந்து கதவு, தூண், ஊஞ்சல் பலகை வாங்கிச் செப்பனிட்டு விற்கிறவன் என்று என்னைப் பற்றி ஊரில் சொல்வார்கள். அது பாதி உண்மை. பழைய மரம் கிடைப்பது அரிதான பிறகு, புது மரத்தில் செய்து வயசு ஏற்றி விற்க ஆரம்பித்தேன். புதுசு, பழைய மாதிரியில் செய்தது என்று நேர்மையாகச் சொல்லி விற்கிறவர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். நான் சொல்லவில்லை.

வயசு ஏற்றுவது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். இனி மறைக்க என்ன இருக்கிறது? கடுக்காயை இடித்து ஊறவைத்த தண்ணீரை மரத்தில் மூன்று கை பூச வேண்டும். காய்ந்ததும் பிளாஸ்டிக் தார்ப்பாயால் கூடாரம் போல் மூடி, உள்ளே இரண்டு பேசினில் அமோனியாக் கரைசலை ஊற்றி வைக்க வேண்டும். கடுக்காயின் துவர்ப்புச் சத்து அந்த ஆவியில் காற்றோடு சேர்ந்து கறுக்கும். மறுநாள் திறந்தால் நூறு வருஷம் விளக்குப் புகை பட்ட நிறம் வந்திருக்கும். மேலே தேன்மெழுகு தேய்த்தால் எந்தக் கொம்பனாலும் கண்டுபிடிக்க முடியாது.

வீட்டில் கழுவப் பயன்படுத்தும் லேசான கரைசல் இல்லை அது. மதுரையில் ரசாயனக் கடையில் வாங்கும் கெட்டிச் சரக்கு, இருபது லிட்டர் கேன். வெளியூர்க்காரர்கள் பட்டறைக்குள் வந்து எட்டிப் பார்ப்பார்கள் என்பதால், கேன் வந்த அன்றைக்கே அதன் மேலிருந்த லேபிளைச் சுரண்டி எடுத்துவிடுவேன். கண்ணாடி போட வேண்டும், கையுறை வேண்டும், நிழலில் வைக்க வேண்டும், கண்ணில் பட்டால் நிறுத்தாமல் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும் என்றெல்லாம் அந்த லேபிளில்தான் இருந்தது. நான் அதை வாசித்திருக்கிறேன். வாசித்துவிட்டுத்தான் சுரண்டினேன். வீட்டில் கேட்டால் வயசுத் தண்ணி என்பேன். செல்வியும் அதையே சொல்லிப் பழகிவிட்டாள்.

அது சித்திரை மாசம். கோயம்புத்தூரிலிருந்து ஒருவர், மகன் கல்யாணத்துக்குக் கட்டும் புது வீட்டுக்கு ஊஞ்சல் கேட்டிருந்தார். பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், தங்கமான மனிதர். இந்தப் பலகை ஒரு பழைய வீட்டு முற்றத்தில் நூறு வருஷம் ஆடியது என்று வாய் கூசாமல் சொல்லியிருந்தேன். சாயங்காலம் வருவதாகச் சொன்னவர், காலை பத்தரைக்கு போன் செய்தார்.

“திருக்கோஷ்டியூர்ல பெருமாளைச் சேவிச்சாச்சுங்க. அரை மணி நேரத்துல அங்க வந்துருவோமுங்க.”

கூடாரம் அப்போதுதான் திறக்க வேண்டிய நிலையில் இருந்தது. வழக்கமாகத் தார்ப்பாயை ஒரு பக்கம் தூக்கிவிட்டு, அரை நாள் அந்தப் பக்கமே போக மாட்டேன். அன்று நேரம் இல்லை. பேசினும் கேனும் அவர் கண்ணில் படக்கூடாது, நெடியும் போயாக வேண்டும். மூக்கில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு கொட்டகைக்குள் போனேன். பேசினில் இருந்ததைக் கேனிலேயே திரும்ப ஊற்றிவிடலாம் என்று மூடியைத் திருகினேன். தகரக் கொட்டகையில், கத்திரி வெயிலில் காலையிலிருந்து காய்ந்த கேன் அது. சூடேறினால் கரைந்திருக்கும் வாயு வெளியே வரத் துடிக்கும். மூடி முழுதாகத் திறக்கும் முன்பே உஸ்ஸென்று முகத்தில் அடித்தது. ஒரே ஒரு மூச்சுத்தான் இழுத்தேன். தொண்டையை யாரோ முறுக்கிக் கட்டியது போல் அடைத்துக்கொண்டது. பேசின் கைநழுவியது, நானும் விழுந்தேன்.

செல்வி ஆரி வேலை செய்கிறவள். கல்யாண ரவிக்கைகளுக்கு ஊசியால் ஜரிகையும் மணியும் கோத்துப் பூ போடுவாள். பேசின் விழுந்த சத்தம் கேட்டு, துணி கட்டிய சட்டத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். சேலைத் தலைப்பை மூக்கில் அழுத்திக்கொண்டு என் தோளைப் பிடித்து இழுத்தாள். கேன் சாய்ந்து, நான் கிடந்த பக்கமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. என்மேல் படக்கூடாது என்று அதை எட்டி நிமிர்த்தினாள். அப்போதுதான் தெறித்து அவள் இடது கண்ணில் விழுந்தது.

என்னை வாசலுக்கு இழுத்துவந்து போட்டு, குழாயடியில் தன் முகத்தில் இரண்டு செம்பு தண்ணீர் அடித்துக்கொண்டாள். அவ்வளவுதான். அப்புறம் செம்பை என் பக்கம் திருப்பிவிட்டாள். நனைந்த சட்டையைக் கழற்றி எறிந்து, தலையிலும் நெஞ்சிலும் ஊற்றிக்கொண்டே இருந்தாள். அந்த நேரத்தில்தான் கோயம்புத்தூர்க்காரரின் கார் வந்து நின்றது.

அவரும் அவர் மனைவியும் பதறிவிட்டார்கள். கேள்வி கேட்காமல் எங்கள் இருவரையும் காரில் ஏற்றினார்கள். என்னால் பேச முடியவில்லை. மூச்சு விடும்போது விசில் சத்தம் வந்தது. கார் கிளம்பியதும் அவர் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

“என்ன ஆச்சுங்க? என்ன கேஸ் நெடிங்க அது?”

“ஏதோ மரத்துக்கு வக்கிற தண்ணிங்க சார்,” என்றாள் செல்வி, கண்ணைப் பொத்திக்கொண்டு.

“வார்னிஷுங்களா? தின்னருங்களா?”

கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். நான் தலையாட்டினேன்.

அந்த வார்த்தையை அவராக எடுத்துக் கொடுத்தார். நான் செய்ததெல்லாம் தலையை மேலும் கீழும் அசைத்ததுதான். அமோனியா என்று சொன்னால் ஏன், எதற்கு என்று கேட்பார். ஊஞ்சலின் கதை அவிழ்ந்துவிடும். மூச்சு முட்டிக்கொண்டிருந்தபோதும் மண்டைக்குள் அந்தக் கணக்குத் தெளிவாக ஓடியது. சாகப் போகிறவனுக்கு இவ்வளவு சூதா என்று இப்போது நினைத்தால் எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

மருத்துவமனையில் அவரே எங்களுக்காகப் பேசினார். “தின்னர் ஆவிங்க டாக்டர். அம்மாவுக்குக் கண்ணுல தெறிச்சிருக்குது.” டாக்டர் என் பக்கம் குனிந்து, “அப்படித்தானா?” என்று கேட்டார். செல்வி பக்கத்துக் கட்டிலில் இருந்தாள். கோயம்புத்தூர்க்காரர் என் கால்மாட்டில் நின்றார். நான் இரண்டாவது முறையும் தலையாட்டினேன். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று இருபது.

டாக்டர்மேல் எந்தத் தப்பும் இல்லை. சொன்னதை வைத்துத்தானே வைத்தியம் பார்க்க முடியும்? செல்வியின் கண்ணில் ஒரு பாட்டில் உப்பு நீர் விட்டுக் கழுவினார்கள். களிம்பு போட்டுக் கட்டினார்கள். எனக்கு முகமூடி வழியாகப் பிராணவாயுவும், மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்துப் புகையும் கொடுத்தார்கள். கோயம்புத்தூர்க்காரரின் மனைவி செல்வியின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். “எரியுதும்மா, உள்ள போய் எரியுது,” என்று செல்வி முனகிக்கொண்டே இருந்தாள். அது எனக்குக் கேட்டது.

ஒரு நர்ஸ் ஊசி போட வந்தவர் நின்று, என் தலைமுடியை முகர்ந்து பார்த்தார்.

“அண்ணே, தின்னர் வாசம் எனக்குத் தெரியும். எங்க வீட்டுக்காரரு பெயிண்டரு. இது அது இல்ல. மூக்கைப் பிடுங்குதுல்ல? என்னன்னு உண்மையச் சொல்லுங்க.”

கோயம்புத்தூர்க்காரர் எங்களுக்கு டீயும் பன்னும் வாங்கி வர வெளியே போயிருந்தார். அவர் இல்லை என்று வாசலைப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் நான் கையை நீட்டினேன். நர்ஸ் பேனாவைக் கொடுத்தார். ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் ‘அமோனியா’ என்று எழுதினேன். அப்போது மணி பன்னிரண்டு ஐந்து.

நர்ஸ் அதைப் படித்த வேகத்தில் ஓடினார். கட்டை அவிழ்த்து, செல்வியின் இமையோரத்தில் ஒரு சின்னக் காகிதத்தை வைத்தார்கள். கண்ணீரில் காரம் இருக்கிறதா என்று நிறம் மாறிக் காட்டும் காகிதம் அது. கருநீலமாக மாறியது. அதன் பிறகு ஒரு பாட்டில், இன்னொரு பாட்டில் என்று விட்டுக்கொண்டே இருந்தார்கள். இமையைத் திருப்பிப் போட்டுக் கழுவினார்கள். செல்வி அலறினாள். நான் எண்ணுவதை எட்டாவது பாட்டிலோடு நிறுத்திவிட்டேன். காகிதத்தின் நீலம் மெல்ல மெல்லத்தான் இறங்கியது.

டாக்டர் என்னிடம் கோபப்படவில்லை. “நீங்க முதல்லயே சொல்லியிருக்கணும்,” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

அன்று சாயங்காலமே செல்வியை ஆம்புலன்ஸில் மதுரைக்கு, கண்ணுக்கென்றே உள்ள மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். இந்த வருஷம் பிளஸ் டூ போகும் எங்கள் மகள் கயல் கூடப் போனாள். என்னை விடவில்லை. தொண்டை வீக்கம் திடீரென்று கூடி மூச்சை அடைக்கலாம், நுரையீரலில் ஒரு நாள் கழித்துக்கூட நீர் கோக்கலாம் என்று தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்தார்கள். மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டுக் குரல் நாண்களைப் பார்த்தார்கள். வெந்து சிவந்திருக்கிறது, ஆனால் வழி இருக்கிறது என்றார்கள். இரண்டு நாளும் மார்பில் எக்ஸ்ரே எடுத்தார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவர், “தம்பிக்கு என்ன செய்யுது?” என்று கேட்டதற்குக்கூட நான் கண்ணை மூடிக்கொண்டேன். கோயம்புத்தூர்க்காரர் ஊருக்குப் போகும் முன் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வைத்துவிட்டுப் போனார். அந்தப் பழத்தை நான் தொடவில்லை.

மூன்றாம் நாள் மதுரைக்குப் போனேன். பில்லைப் பற்றி எழுதப் போவதில்லை. அழுது புலம்பும் தகுதி எனக்கு இல்லை. செல்வி படுத்திருந்தாள். காலடிச் சத்தம் கேட்டதும், “வந்துட்டீகளா? குரலு வந்துருச்சா? சாப்பிட்டீகளா?” என்றாள். மூன்று கேள்வியும் என்னைப் பற்றித்தான்.

கண்ணில் ஒரு சாயச் சொட்டு விட்டு, நீல விளக்கை அடித்துப் பார்த்தார் கண் டாக்டர். தோல் உரிந்த இடமெல்லாம் பச்சையாக ஒளிரும். அவள் கருவிழியில் பாதிக்குமேல் பச்சை. அமிலம் பட்டால் மேலே பொரிந்து பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும், காரம் அப்படி நிற்காது, கண்ணின் கொழுப்பைச் சவுக்காரமாக்கிக்கொண்டே உள்ளே இறங்கும் என்று அந்த டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். கருவிழியின் ஓரத்தில், புதுத் தோல் வளர்க்கும் செல்கள் உண்டாம். அவற்றில் எத்தனை பிழைத்திருக்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் பார்வை. பிரசவத்தில் குழந்தையைச் சுற்றியிருக்கும் பனிக்குடச் சவ்வைப் பதப்படுத்தி வைத்திருப்பார்களாம். அதை மெல்லிய கட்டுப் போலக் கண்ணின் மேல் பதித்தார்கள்.

“முக்கால் மணி நேரம் நான் சொல்லாம இருந்துட்டேன் டாக்டர்,” என்றேன். “அதனாலதானா?”

“அதை அளந்து சொல்ல முடியாது. முதல் சில நிமிஷத்துலயே நிறைய நடந்து முடிஞ்சிருக்கும். ஆனா, கழுவாம விட்ட நேரம் எல்லாமே கெடுதல்தான்.”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். இல்லை என்றால் மூச்சு விட்டிருப்பேன். இரண்டும் இல்லாமல் அந்தப் பதிலோடுதான் இப்போது குடித்தனம்.

காத்திருக்கும் அறையில் கயல் தன் வேதியியல் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “அப்பா, இது எங்க புக்குல இருக்குப்பா. அஞ்சு மார்க் கேள்வி,” என்று நோட்டில் படம் போட்டுக் காட்டினாள். நடுவில் ஒரு நைட்ரஜன், அதிலிருந்து மூன்று ஹைட்ரஜன். பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது: முக்காலி. பலகை நைட்ரஜன், மூன்று கால்கள் ஹைட்ரஜன். ஒவ்வொரு காலையும் பலகையோடு சேர்ப்பது, இருவரும் ஆளுக்கொன்று போட்டுப் பங்கு வைத்துக்கொண்ட இரண்டு எலக்ட்ரான்கள். பலகைக்கு மேலே இன்னொரு ஜோடி எலக்ட்ரான், யாரோடும் சேராமல் தனியாக உட்கார்ந்திருக்கிறது. அது மேலிருந்து நெருக்குவதால் கால்கள் கொஞ்சம் உள்ளே ஒடுங்கி நூற்று ஏழு பாகையில் நிற்குமாம். நான் இத்தனை வருஷம் முக்காலி செய்கிறேன், எந்த முக்காலியிலும் இவ்வளவு துல்லியம் இல்லை.

“அந்தத் தனி ஜோடிதான்ப்பா வில்லன். தண்ணியப் பார்த்தா அதுலருந்து ஒரு ஹைட்ரஜனை இழுத்துக்கும். மிச்சம் நிக்கிறது காரம். அமோனியாவுக்கும் தண்ணிக்கும் அவ்வளவு ஒட்டுதல். அதனாலதான் ஈரம் இருக்கிற இடமாப் பார்த்துப் போகுது. கண்ணு, மூக்கு, தொண்டை.”

“அதே தண்ணிதான மருந்தும்?”

“ஆமாப்பா. நிறைய ஊத்தினா கரைஞ்சு போயிரும். நெறைய, நிக்காம.” நோட்டை மூடினாள். “எங்கிட்ட ஒரு தடவ கேட்டிருக்கலாமேப்பா.”

கேட்டிருக்கலாம். பெண்ணிடம் கேட்டால் பட்டறையில் என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடுமே என்று கேட்கவில்லை. மரவேலைக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் சொல்கிறேன்: அமோனியா விஷச் சாமான் என்று ஓட வேண்டாம். உரமும் அதிலிருந்துதான், ஐஸ் பேக்டரியும் அதில்தான் ஓடுகிறது. கேனை நிழலில் வையுங்கள். கண்ணை முழுக்க மூடும் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் அமோனியாவுக்கென்றே உள்ள வடிகட்டி முகமூடியும் இல்லாமல் மூடியைத் தொடாதீர்கள்; ஈரத் துண்டு முகமூடி ஆகாது. பிளீச்சிங் பவுடர் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், இரண்டும் சேர்ந்தால் வேறொரு நச்சு வாயு கிளம்பும். தண்ணீர்க் குழாய் பத்தடிக்குள் இருக்கட்டும். லேபிளைச் சுரண்டாதீர்கள்.

பத்தாம் நாள் கோயம்புத்தூர்க்காரர் போன் செய்தார். “அம்மா கண்ணு எப்படி இருக்குதுங்க?” ஊஞ்சலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் வராந்தாவின் ஓரத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பலகை புதுசு, நிறம் அமோனியா, முன்பணத்தைத் திருப்பிவிடுகிறேன், காரில் நான் தலையாட்டியது பொய் என்று.

“வார்னிஷுன்னு நாந்தானுங்களே மொதல்ல சொன்னேன்,” என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. “நான் வாய வெச்சுட்டுச் சும்மா இருந்திருக்கோணுமுங்க.”

ஏமாற்றுக்காரா என்று அவர் ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். என் பாவத்தில் பாதியைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார் அந்த மனிதர். இல்லை சார், இல்லை சார் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் கேட்கிற நிலையில் இல்லை.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டோம். செல்விக்கு இடது கண்ணில் பனி மூடியது போலத்தான் தெரிகிறது. விரல்களை எண்ணுவாள், அதுவும் ஒரு கை தூரத்தில். ஆறு மாதம் பார்த்துவிட்டு, நல்ல கண்ணிலிருந்து செல் எடுத்து வைக்கும் அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிக்கலாம் என்றிருக்கிறார்கள். ஆரிச் சட்டம் சுவரில் சாய்ந்து நிற்கிறது. ஒரு மாலையில், பாதி போட்ட மயிலில் ஊசியைக் குத்திப் பார்த்தாள். துணியில் குத்தாமல் விரலில் குத்திக்கொண்டாள். சட்டத்தைத் திருப்பி வைத்துவிட்டாள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சொட்டு மருந்து விடுவது என் வேலை. அவளிடம் மட்டும் அந்தப் பொய்யைப் பற்றி நேற்று வரை சொல்லியிருக்கவில்லை. கயலிடம் சொன்னேன், டாக்டரிடம் சொன்னேன், கோயம்புத்தூர்க்காரரிடம் சொன்னேன். இவளிடம் வாய் வரவில்லை. நேற்று மதியம் மருந்து விட்டுவிட்டு, பாட்டிலை மூடிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

“செல்வி, அன்னைக்கு ஆஸ்பத்திரியில டாக்டரு கேட்டப்ப, நான்...”

“தலையாட்டினீக,” என்றாள்.

பாட்டில் என் கையிலேயே இருந்தது.

“பாத்தேன். ரெண்டு தடவையும் பாத்தேன். இந்தக் கண்ணு நல்லாத்தான இருந்துச்சு.” வலது கண்ணால் என்னை நேராகப் பார்த்தாள். கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன், இல்லை. “நீங்க தலையாட்டினது பொய்யின்னு எனக்குத் தெரியும். வார்னிஷ் வாசம் எனக்குத் தெரியாதா? இல்ல டாக்டரு, அது வேறன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். என்னன்னு கேட்டா என்னன்னு சொல்றது? வயசுத் தண்ணின்னா?”

நான் பாட்டிலைக் கீழே வைத்தேன்.

“அதுக்குப் பேரு தெரிஞ்சிருந்தா, நானே சொல்லியிருப்பேனுங்க.”